நிக்கலும் நீல ஒளியும்: இணைப்பு வினைகளில் ஒளி செய்வது என்ன?

1. கேள்வியின் எல்லை

கட்புலனாகும் ஒளியால் ஓர் உலோக அணைவுச் சேர்மத்தைக் கிளர்வுறச் செய்து, அதன்வழி கரிம மூலக்கூறுகளில் புதிய பிணைப்புகளை உருவாக்குவது ஒளி-உலோக வினையூக்கம். இதன் மிகப் பரவலான வடிவத்தில் இரண்டு உலோகங்கள் ஒரே குடுவையில் இருக்கும். இரிடியமோ ருத்தேனியமோ ஒளியை உட்கவரும். நிக்கல் பிணைப்பை உருவாக்கும். நிக்கல் மட்டும் இருந்தால் அறை வெப்பநிலையில் நடவாத பல இணைப்பு வினைகள், இந்தக் கலவையின்மீது நீல ஒளி பட்டதும் சில மணி நேரத்தில் நடந்து முடிகின்றன. மருந்து மூலக்கூறுகளைக் கட்டும் ஆய்வகங்களில் நீல எல்இடி விளக்கு இன்று சூடேற்றும் தட்டைப் போலவே அன்றாடக் கருவி.

வினை நடக்கிறது என்பதில் ஐயமில்லை. ஒளி அங்கே என்ன வேலை செய்கிறது என்பதில்தான் ஐயம். ஒவ்வொரு விளைபொருள் மூலக்கூறுக்கும் ஓர் ஒளித்துகள் செலவாகிறதா? அல்லது ஒளி வினையைத் தொடங்கிவைத்துவிட்டு, அது ஓயும்போது மட்டும் கைகொடுக்கிறதா? கிளர்வுற்ற இரிடியம் நிக்கலோடு எலக்ட்ரானைப் பரிமாறுகிறதா, ஆற்றலை மட்டும் கைமாற்றுகிறதா? நிக்கல் சேர்மமே நேரடியாக ஒளியை உட்கவர்ந்தால் என்ன ஆகும்? 2014க்குப் பிறகு இக்கேள்விகளுக்குத் தரப்பட்ட விடைகள் பலமுறை மாறியுள்ளன. சில வினைகளில் முதல் விடையைச் சொன்ன ஆய்வுக்குழுவே பின்னர் அதைத் திருத்தியது. அந்த மாற்றங்களுக்குக் காரணமான சான்றுகள் இங்கே எடைபோடப்படுகின்றன. நிக்கல், இரிடியம் முதலிய பெயர்களை அடுத்து அடைப்பில் வரும் எண் அந்த உலோகத்தின் ஆக்சிஜனேற்ற நிலை.

2. கிளர்வுற்ற நிலை என்பது யாது

ருத்தேனியம் அணுவைச் சுற்றி மூன்று பைபிரிடின் ஈந்தணைவிகள் அமைந்த அணைவே இத்துறையின் மூலச் சேர்மம். 1936இல் பர்ஸ்டல் அதைத் தயாரித்தார். ஆரஞ்சு நிறமுள்ள அதன் கரைசல் 452 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை மிக வலுவாக உட்கவர்கிறது. ஒளித்துகளை ஏற்றதும் உலோகத்தின் டி-ஆர்பிட்டாலிலிருந்து ஓர் எலக்ட்ரான் பைபிரிடின் வளையத்துக்குத் தாவுகிறது. அப்போது மூலக்கூறின் நடுவில் எலக்ட்ரான் குறைந்த உலோகமும், ஓரத்தில் எலக்ட்ரான் மிகுந்த ஈந்தணைவியும் ஒருசேர இருக்கின்றன. ஆகவே அதே மூலக்கூறால் எலக்ட்ரானைக் கொடுக்கவும் முடியும், பறிக்கவும் முடியும். தரைநிலையிலுள்ள ருத்தேனியம்(2) அணைவு எலக்ட்ரானை எளிதில் விடாது. நிறைவுற்ற கலோமெல் மின்முனையோடு ஒப்பிட அதன் ஆக்சிஜனேற்ற மின்னழுத்தம் +1.29 வோல்ட். கிளர்வுற்ற பின் அது −0.81 வோல்ட்டுக்கு இறங்கிவிடுகிறது. ஒளித்துகள் கொண்டுவந்த ஆற்றலே இந்த 2.1 வோல்ட் வேறுபாட்டுக்குக் காரணம்.

எலக்ட்ரான் தாவிய உடனே அதன் தற்சுழற்சி மாறி மூலக்கூறு மும்மை நிலைக்கு இறங்குகிறது. ஒரு பிக்கோ நொடிக்கும் குறைவான நேரத்தில் இது முடிந்துவிடும். தரைநிலைக்குத் திரும்பவேண்டுமானால் தற்சுழற்சி மறுபடி மாறியாக வேண்டும். அது எளிதில் நடப்பதில்லை. எனவே அசெட்டோநைட்ரைல் கரைசலில் மும்மை நிலை ஏறத்தாழ 1 மைக்ரோ நொடி நீடிக்கிறது. மனிதக் கணக்கில் இது ஒன்றுமில்லை. கரைசலில் அலையும் மூலக்கூறுகளுக்கோ தாராளமான அவகாசம். 1 மில்லிமோலார் செறிவில் வேறொரு சேர்மம் உடனிருந்தால், கிளர்வுற்ற மூலக்கூறு தன் ஆயுளுக்குள் அதைப் பத்து முறையேனும் சந்தித்துவிடும். புளோரின் அணுக்களைத் தாங்கிய இரிடியம் அணைவுகளின் ஆயுள் 2 மைக்ரோ நொடியையும் தாண்டும். அவற்றின் மும்மை நிலை ஆற்றல் மோலுக்கு ஏறத்தாழ 60 கிலோகலோரி. நிக்கல் வினைகளில் இரிடியம் விரும்பப்படுவதற்கு இவ்விரண்டும் காரணம்.

கிளர்வுற்ற மூலக்கூறு தன் சுமையை இறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எதிர்ப்பட்ட மூலக்கூறுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுப்பது அல்லது அதனிடமிருந்து ஒன்றை வாங்குவது. மற்றது, எலக்ட்ரான் கணக்கில் மாற்றமில்லாமல் ஆற்றலை மட்டும் கொடுத்து அந்த மூலக்கூறைக் கிளர்வுறச் செய்வது. எந்த வழியில் இறங்கினாலும் கிளர்வுற்ற சேர்மத்தின் ஒளிர்வு மங்கும். எதைச் சேர்த்தால் ஒளிர்வு எவ்வளவு மங்குகிறது என்று அளக்கும் ஸ்டெர்ன்-வோல்மர் சோதனையை வினைவழிச் சான்றாகக் காட்டுவது வழக்கம். எந்தச் சேர்மம் சந்தித்தது என்பதை அது சொல்லும். சந்திப்பில் கைமாறியது எது என்பதைச் சொல்லாது. நிக்கல் வழக்கில் நெடுங்காலம் நீடித்த குழப்பத்தின் வேர் இங்கே இருக்கிறது.

3. நிக்கலுக்கு முன்

ஒளியைக் கொண்டு வேதித்தொழில் நடத்தும் கனவு பழையது. போலோனியா பல்கலைக்கழகத்தின் ஜாகோமோ சாமிசியன் 1912இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், நிலக்கரியை நம்பிய தொழில்களின் இடத்தைச் சூரிய ஒளியால் இயங்கும் தொழில்கள் பிடிக்கும் என்று வாதிட்டார். அவர் கையாண்ட கரிமச் சேர்மங்களில் பல கட்புலனாகும் ஒளியை உட்கவராதவை. புற ஊதாக் கதிரே அவற்றைத் தொடும். நிறமுள்ள ஓர் உலோக அணைவு இடைநின்றால் அந்தத் தடை நீங்கும். 1972இல் காஃப்னியும் ஆடம்சனும் கிளர்வுற்ற ருத்தேனியம் அணைவு கோபால்ட்(3) சேர்மங்களுக்கு எலக்ட்ரானைத் தரும் என்று வாதிட்டனர். 1978இல் நெதர்லாந்தின் குரோனிங்கனில் ரிச்சர்ட் கெல்லாக் குழு, ஒரு சல்போனியம் உப்பை டைஹைட்ரோபிரிடினால் ஒடுக்கும் வினையை இந்த ருத்தேனியம் அணைவு ஒளியில் விரைவுபடுத்துவதைக் கண்டது. கரிமத் தொகுப்பில் இதன் பயன் அப்போதே தெரிந்துவிட்டது எனலாம். ஆயினும் அடுத்த முப்பதாண்டுகளில் அதைக் கையிலெடுத்தவர்கள் சிலரே; ஒளிவேதியியலாளர்களின் கவனம் நீரைப் பிளப்பதிலும் சூரிய மின்கலங்களிலும் இருந்தது.

2008 திருப்புமுனை. பிரின்ஸ்டனில் டேவிட் நைஸ்விச்சும் டேவிட் மேக்மில்லனும் ருத்தேனியத்தோடு ஒரு கரிம வினையூக்கியையும் சேர்த்து, ஆல்டிஹைடுகளில் அல்கைல் தொகுதியைச் சமச்சீரற்ற முறையில் பொருத்தினர். அவர்களுக்குப் போதுமான ஒளியை வீட்டு விளக்கே தந்தது. அதே ஆண்டில் விஸ்கான்சினில் டெஷிக் யூன் குழு நான்கு கார்பன் வளையங்களையும், அடுத்த ஆண்டில் கோரி ஸ்டீஃபன்சன் குழு ஹாலஜன் நீக்கத்தையும் இதே ருத்தேனியத்தால் செய்துகாட்டின. ஒளியை ஏற்கும் உலோகத்தோடு பிணைப்பை உருவாக்கும் இரண்டாம் உலோகத்தைச் சேர்க்கும் எண்ணமும் உடனுக்குடன் வளர்ந்தது. ஜப்பானில் முனெடகா அகிதா குழு 2007இலேயே ருத்தேனியத்தோடு பல்லேடியத்தைச் சேர்த்திருந்தது. மிச்சிகனில் மெலனி சான்ஃபோர்டு குழு 2011இல் பல்லேடியத்தையும், 2012இல் தாமிரத்தையும் அதே முறையில் பயன்படுத்தியது.

4. 2014: இரு சக்கரங்கள்

நிக்கலின் வரவை உறுதிப்படுத்தியவை 2014இல் சயன்ஸ் இதழில் வந்த இரண்டு கட்டுரைகள். ஒன்று பிரின்ஸ்டனின் அபிகெயில் டாயில், மேக்மில்லன் ஆகியோரின் கூட்டுக் குழுவுடையது. மற்றது பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேரி மோலாண்டர் குழுவுடையது. முதலாவது, புரோலின் போன்ற அமினோ அமிலங்களின் கார்பாக்சில் தொகுதியை நீக்கி அந்த இடத்தில் அரோமேட்டிக் வளையத்தைப் பொருத்தியது. இரண்டாவது, பென்சைல் டிரைபுளோரோபோரேட்டுகளை அரைல் புரோமைடுகளோடு இணைத்தது.

இரு குழுக்களும் வரைந்த வினைவழி ஒன்றே. முதல் வினையில் கிளர்வுற்ற இரிடியம் கார்பாக்சிலேட்டிலிருந்து எலக்ட்ரானை வாங்குகிறது; கார்பன் டைஆக்சைடு வெளியேறி ஒரு கார்பன் தனி உறுப்பு பிறக்கிறது. இன்னொரு பக்கம் நிக்கல்(0) அரைல் ஹாலைடைப் பிளந்து நிக்கல்(2) ஆகிறது. தனி உறுப்பு வந்து சேர்ந்ததும் அது நிக்கல்(3). அந்த நிலையில் நிக்கலால் இரு கார்பன் தொகுதிகளையும் எளிதில் ஒன்றிணைத்து வெளியேற்ற முடியும். வெளியேற்றியபின் நிக்கல்(1) மிஞ்சும். எலக்ட்ரானைப் பெற்று இரிடியம்(2) ஆகியிருந்த சேர்மம் அதை நிக்கல்(1)-க்குத் தந்து நிக்கல்(0)-ஐ மீட்கிறது. இரு சக்கரங்களும் ஒரு சுற்று முடிகின்றன.

இந்தப் படம் கண்ணுக்கு நிறைவானது. அதனாலேயே, வேறு சான்று இல்லாதபோதும், பின்வந்த நூற்றுக்கணக்கான வினைகளுக்கு அதே இரு சக்கரங்கள் வரையப்பட்டன. கார்பாக்சில் நீக்க வினையில் இப்படம் நியாயமானது. அங்கே உருவாகும் ஒவ்வொரு கார்பன் தனி உறுப்புக்கும் ஓர் எலக்ட்ரான் அகற்றப்பட வேண்டும். அகற்றுவது கிளர்வுற்ற இரிடியம். ஆகவே ஒவ்வொரு விளைபொருள் மூலக்கூறின் பின்னாலும் ஓர் ஒளித்துகளாவது இருப்பது எதிர்பார்க்கத்தக்கது. கார்பனோடு ஆக்சிஜனையோ நைட்ரஜனையோ பிணைக்கும் வினைகளில் தனி உறுப்பை உண்டாக்க வேண்டிய தேவையே இல்லை. அங்கும் இதே படத்தை வரைந்ததில்தான் சிக்கல் தொடங்கியது.

5. எலக்ட்ரானா, ஆற்றலா

2015இல் மேக்மில்லன் குழு ஆல்கஹால்களை அரைல் புரோமைடுகளோடு இணைத்து ஈதர்களை உருவாக்கியது. அரைல், ஆல்காக்சைடு இரண்டையும் தாங்கிய நிக்கல்(2) அவற்றை ஒன்றிணைத்து வெளியேற்றாது. அதிலிருந்து ஓர் எலக்ட்ரானை அகற்றி நிக்கல்(3) ஆக்கினால் வெளியேற்றும். அகற்றும் வேலை இரிடியத்துடையது என்பது அக்குழுவின் விளக்கம். 2017இல் கார்பாக்சிலிக் அமிலங்களை அரைல் ஹாலைடுகளோடு இணைத்து எஸ்டர் உருவாக்கும் வினைக்கு அதே ஆய்வகம், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் மெக்கஸ்கரோடு சேர்ந்து, வேறொரு விளக்கம் தந்தது. இங்கே இரிடியம் எலக்ட்ரானைத் தொடுவதில்லை. தன் மும்மை நிலை ஆற்றலை நிக்கல்(2)-க்குக் கடத்துகிறது. கிளர்வுற்ற நிக்கல்(2) நேரடியாக எஸ்டரை வெளியேற்றுகிறது. ஒளியை ஏற்கும் இரிடியத்தின் இடத்தில் வெவ்வேறு ஒளி உணர்விகளைப் பயன்படுத்தியபோது, விளைச்சல் அவற்றின் மும்மை நிலை ஆற்றலோடு பொருந்திவந்தது இதற்கு முதன்மைச் சான்று.

இச்சான்றுக்கு வலு உண்டு, எல்லையும் உண்டு. ஒளி உணர்வியின் மும்மை நிலை ஆற்றல் கூடும்போது கிளர்வுற்ற நிலையின் ஒடுக்கும், ஆக்சிஜனேற்றும் திறன்களும் பெரும்பாலும் சேர்ந்தே கூடுகின்றன. ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை நிலையாக வைப்பது கடினம். தவிர, எலக்ட்ரான் ஒருமுறை போய் உடனே வேறோர் ஆர்பிட்டாலுக்குத் திரும்பி வந்தால், முடிவில் காண்பது ஆற்றல் மாற்றம் நடந்தது போலவே இருக்கும்.

இந்தத் தெளிவின்மையை மிக நெருக்கமாகக் காட்டுபவை 2016இல் வெளிவந்த இரு ஆய்வுகள். டாயில் குழுவும் மோலாண்டர் குழுவும் தனித்தனியே, டெட்ராஹைட்ரோபியூரான் என்ற எளிய ஈதர் கரைப்பானின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்பில் அரைல் தொகுதியைப் பொருத்தின. உலோகங்கள் அதே இரிடியமும் நிக்கலும்தான். டாயில் குழு அரைல் குளோரைடுகளைக் கையாண்டது. இரிடியம் நிக்கல்(2)-ஐ நிக்கல்(3) ஆக்குகிறது என்றும், அந்த நிக்கல்(3) குளோரைடு ஒளித்துகளை ஏற்றுக் குளோரின் அணுவை விடுவிக்கிறது என்றும் அது சொன்னது. நிக்கல்(3) குளோரைடுகள் ஒளியில் குளோரினை விடுவிப்பதை ஹார்வர்டில் டேனியல் நொசெரா குழு 2015இல் காட்டியிருந்தது இதற்குத் துணை. மோலாண்டர் குழுவோ அரைல் புரோமைடுகளைக் கையாண்டு, ஆற்றல் மாற்றத்தால் கிளர்வுற்ற நிக்கல்(2) புரோமின் அணுவை விடுவிப்பதாக வாதிட்டது.

இவற்றில் ஒன்று சரியென்றால் மற்றது தவறாக வேண்டும் என்பதில்லை. ஹைட்ரஜன்-குளோரின் பிணைப்பின் ஆற்றல் மோலுக்கு 103 கிலோகலோரி; ஹைட்ரஜன்-புரோமின் பிணைப்புக்கு 87.5; அந்த ஈதரில் பறிக்கப்படும் ஹைட்ரஜனின் பிணைப்புக்கு ஏறத்தாழ 92. எனவே குளோரின் அணு ஹைட்ரஜனைப் பறிப்பது பெரும் இறக்கம். புரோமின் பறிப்பது சிறு ஏற்றம். அடுத்து வரும் படி விரைவாக இழுத்துக்கொண்டால்தான் அது முன்னேறும். ஹாலஜன் மாறும்போது வினைவழியும் மாறலாம். ஒரே விளைபொருள் வருவதால் ஒரே வழி என்று கொள்வது இத்துறையில் திரும்பத் திரும்ப நேர்ந்த பிழை.

6. ஒளித்துகள்களை எண்ணுதல்

விவாதத்தை முன்னகர்த்திய கருவி குவாண்டம் விளைச்சல். உட்கவரப்பட்ட ஒளித்துகள்களின் எண்ணிக்கைக்கு உருவான விளைபொருள் மூலக்கூறுகளின் விகிதம் அது. 1ஐத் தாண்டினால், ஓர் ஒளித்துகள் பல மூலக்கூறுகளை உருவாக்கியிருக்கிறது என்று பொருள். வினை சங்கிலியாக ஓடுகிறது.

இதை அளக்கப் பெரிய செலவு இல்லை. பொட்டாசியம் பெர்ரிஆக்சலேட்டின் பச்சைப் படிகங்களை அமிலத்தில் கரைத்து, வினைக்குடுவை இருந்த அதே இடத்தில், அதே விளக்கின் முன் வைக்கவேண்டும். ஒளித்துகள் பட்டதும் இரும்பு(3) இரும்பு(2) ஆகிறது. பின் ஃபினாந்த்ரோலின் சேர்த்தால் கரைசல் செந்நிறமாகும். 510 நானோமீட்டரில் அந்நிறத்தின் அடர்த்தியை அளந்தால், விளக்கிலிருந்து நொடிக்கு எத்தனை ஒளித்துகள் குடுவைக்குள் நுழைந்தன என்பது தெரிந்துவிடும். ஹாட்சர்டும் பார்க்கரும் 1956இல் செம்மைப்படுத்திய முறை இது. அறை விளக்கே கரைசலைக் கெடுத்துவிடும் என்பதால் செவ்வொளியில் வேலை செய்யவேண்டும் என்பதொன்றே தொந்தரவு. இவ்வளவு எளிய அளவீடு பல கட்டுரைகளில் இல்லாமற்போனது வருந்தத்தக்கது.

2015இல் மேகன் சிஸ்மேசியாவும் யூனும் அளந்து காட்டியது துறையை விழிக்கவைத்தது. 2008இன் ஆல்டிஹைடு வினையை மூடிய சக்கரமாகவே வரைந்துவந்தனர். அதன் குவாண்டம் விளைச்சல் 18. தனி உறுப்பு அயனி வழியாக நடக்கும் ஒரு டீல்ஸ்-ஆல்டர் வினைக்கு அது 44. அதாவது வினையின் பெரும்பகுதி ஒளியைத் தொடாமலேயே ஓடியது. சங்கிலி இல்லை என்பதற்கு அதுவரை காட்டப்பட்ட வழக்கமான சான்று, விளக்கை அணைத்தால் வினை நிற்கிறது, ஏற்றினால் மறுபடி தொடர்கிறது என்பது. அதன் வலுவும் இதனால் போயிற்று. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு நொடிக்குள் அறுந்துபோகும். விளக்கை அணைத்து மாதிரி எடுக்கும் நிமிடங்களில் எல்லாச் சங்கிலிகளும் முடிந்திருக்கும். புதிதாகத் தொடங்கிவைக்க ஒளி இல்லாததால் வினை நின்றதுபோல் தோன்றும். மறுபுறம், விளைச்சல் 1க்குக் கீழே இருப்பதும் சங்கிலியை மறுக்காது. தொடங்கிவைக்கும் படியே வீணாவதால் அப்படி இருக்கலாம். எண்ணின் ஒரு பக்கம் மட்டுமே தீர்ப்பு சொல்லும்.

நிக்கல் வினைகளுக்கு இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது நொசெரா குழு. ஈதர் உருவாக்கும் வினையில் குவாண்டம் விளைச்சல் 1ஐத் தாண்டுவதை 2019இல் அவர்கள் காட்டினர். அவர்கள் முன்வைத்த படத்தில் பிணைப்பை உருவாக்குவது நிக்கல்(1)-க்கும் நிக்கல்(3)-க்கும் இடையே ஒளியின்றிச் சுழலும் சக்கரம். இரிடியத்தின் வேலை, முதலில் சிறிது நிக்கல்(2)-ஐ நிக்கல்(1) ஆக்கித் தருவது. சுழற்சியின்போது நிக்கல்(1)-இல் ஒரு பகுதி, பயனற்ற நிக்கல்(2)-ஆகத் தேங்கும். தேங்கியதை இரிடியம் மறுபடி நிக்கல்(1) ஆக்கிச் சக்கரத்துக்குள் அனுப்பும். கிணற்று மோட்டாரில் காற்றுப் பிடிக்கும்போதெல்லாம் தண்ணீர் ஊற்றி மறுபடி இறைக்கவைப்பது போன்ற வேலை அது. நீரை மேலேற்றுவது ஊற்றிய தண்ணீர் அல்ல.

2020இல் மேக்மில்லன் ஆய்வகமும் கிரெகரி ஸ்கோல்ஸ் குழுவும் கார்பன்-நைட்ரஜன் இணைப்பை நுணுகி ஆராய்ந்து, ஒளி நிக்கல்(1)-நிக்கல்(3) சக்கரத்தைத் தொடங்கிவைத்து, ஓயாமல் காக்கிறது என்ற முடிவுக்கே வந்தன. தன் முந்தைய படத்தைத் தானே மாற்றிக்கொண்ட அந்த ஆய்வு இத்துறையின் நேர்மைக்கு நல்ல எடுத்துக்காட்டு. அதே ஆண்டில் நொசெரா குழு இன்னொரு படி சென்றது. ஒளிக்குப் பதிலாகச் சிறிதளவு துத்தநாகத்தைச் சேர்த்து அமினேற்றம், ஈதர் உருவாக்கம், எஸ்டர் உருவாக்கம் மூன்றையும் இருட்டில் நடத்திக்காட்டியது. மூன்றாவதுதான் முக்கியம், ஆற்றல் மாற்றம் இல்லாமல் நடவாது என்று சொல்லப்பட்ட வினை அது.

இந்தச் சான்றை எவ்வளவு தூரம் நம்பலாம்? இருட்டிலும் நடக்க முடியும் என்பது, ஒளியிலும் அதே வழியில்தான் நடக்கிறது என்பதற்கு நிரூபணமாகாது. துத்தநாகம் இருக்கும் குடுவையும் இரிடியம் இருக்கும் குடுவையும் வேறு வேறு சூழல்கள். ஆனாலும் ஆற்றல் மாற்றம் கட்டாயம் என்ற வாதம் அதோடு விழுந்தது. சொல்லக்கூடியது இதுவே: கார்பன்-ஹெட்டரோஅணுப் பிணைப்புகளில் நிக்கல்(1) சக்கரத்தின் பக்கமே சான்றுகளின் எடை சாய்கிறது, கார்பாக்சில் நீக்கம் போன்ற கார்பன்-கார்பன் இணைப்புகளில் ஒளி ஒவ்வொரு சுற்றிலும் உழைக்கிறது. ஒரே பெயரில் அழைக்கப்படும் வினைக் குடும்பத்துக்குள் ஒளிக்கு இருவேறு பணிகள்.

7. நிக்கலே ஒளியை ஏற்கும்போது

இரிடியம் இல்லாமலும் சில வினைகள் நடக்கும். 2018இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் காரெட் மியாகே குழு, நிக்கல்-அமின் அணைவை 365 நானோமீட்டர் ஒளியால் நேரடியாகக் கிளர்வுறச் செய்து கார்பன்-நைட்ரஜன் இணைப்பை நடத்தியது. கிளர்வுற்ற நிக்கல்(2) அணைவில் என்ன நேர்கிறது என்பதை டாயில் குழு அதிவேக நிறமாலை முறைகளால் பின்தொடர்ந்தது. பைபிரிடின் தாங்கிய அரைல் நிக்கல் குளோரைடில், எலக்ட்ரான் முதலில் ஈந்தணைவிக்குத் தாவி, விரைவில் உலோகத்துக்குள்ளேயே அமைந்த ஒரு மும்மை டி-டி நிலைக்கு இறங்குகிறது; அது சில நானோ நொடிகள் நீடிக்கிறது. அதன்பின் நிக்கல்-அரைல் பிணைப்பு சீராகப் பிளந்து, நிக்கல்(1)-உம் அரைல் தனி உறுப்பும் உண்டாகின்றன என்பது அவர்கள் விளக்கம். பிளவு எந்தக் கிளர்வு நிலையிலிருந்து நடக்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கால்டெக்கில் ரயன் ஹாட் குழு, மின்சுமை மாற்ற நிலையிலிருந்தே அது நடப்பதாகக் கணிப்புகளோடு வாதிட்டுள்ளது.

பிளவின் விவரம் எதுவானாலும் விளைவு ஒன்றே: நிக்கல்(1) பிறக்கிறது. எனவே நேரடி ஒளியேற்பு தனி வகை வினைவழி என்பதைவிட, அதே இருட்டுச் சக்கரத்துக்கு இன்னொரு வாசல் என்று கருதுவது பொருந்தும். இரிடியம் கலந்த குடுவையிலும் இந்த வாசல் மூடியிருப்பதில்லை. 450 நானோமீட்டரில் ஒளியின் பெரும்பங்கை இரிடியம் எடுத்துக்கொள்ளலாம். 390க்கோ 365க்கோ இறங்கினால், இரிடியத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும் நிக்கலின் பங்கு கூடும். விளக்கின் அலைநீளத்தைக் குறிப்பிடாமல் நீல ஒளி என்று மட்டும் எழுதும் செய்முறைக் குறிப்புகள் இதனாலேயே போதாதவை. வெப்பநிலையும் அப்படித்தான். விளக்குக்கு மிக அருகில், விசிறியின்றி வைத்த குடுவை சூடேறும். இருட்டில் நடத்தும் ஒப்பீட்டுச் சோதனை அறை வெப்பநிலையில் இருந்தால், வெப்பம் செய்த வேலையும் ஒளியின் கணக்கில் சேர்ந்துவிடும்.

நிக்கல் கெட்டுப்போவதும் கண்ணெதிரே நடக்கும். 2020இல் பார்த்தலோமாய்ஸ் பீபர் குழு காட்டியதுபோல், சில அமினேற்றங்கள் பாதியில் நிற்கக் காரணம், குறைந்த ஆக்சிஜனேற்ற நிலையிலுள்ள நிக்கல் ஒன்றுதிரண்டு கறுப்பாகப் படிவது. ஒளி மிகுந்தால் விளைச்சல் மிகும் என்ற எளிய எதிர்பார்ப்பு இங்கே பொய்க்கிறது. நிக்கலை அளவுக்கு மீறி ஒடுக்கினால் அது சக்கரத்தை விட்டே வெளியேறிவிடும்.

8. ஒற்றை உலோகம்

ஒளியை ஏற்பதையும் பிணைப்பை உருவாக்குவதையும் ஒரே உலோகம் செய்தால் கேள்வி எளிதாகிறது. அரைல் ஹாலைடையும் அமினையும் தாமிரத்தால் இணைக்கும் உல்மன் வினை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அறியப்பட்டது; கடும் வெப்பம் அதன் வழக்கமான விலை. 2012இல் கால்டெக்கின் ஜோனாஸ் பீட்டர்ஸும் கிரெகரி ஃபுவும் தாமிர-கார்பசோலைடு அணைவின்மீது ஒளியைப் பாய்ச்சி அதை அறை வெப்பநிலையிலும், −40 டிகிரி செல்சியசிலும் நடத்தினர். கிளர்வுற்ற தாமிரம் அரைல் அயோடைடுக்கு எலக்ட்ரானைத் தருகிறது என்பது இங்கே ஓரளவு தெளிவு. பல்லேடியத்தில் விளாதிமிர் கெவோர்கியான் குழு 2016 முதல் காட்டிவருவதும் இதை ஒத்தது: பாஸ்பீன் தாங்கிய பல்லேடியம்(0) நீல ஒளியை ஏற்று ஒற்றை எலக்ட்ரானைத் தரும்போது, வழக்கமான இரு எலக்ட்ரான் வேதியியலுக்குப் பதிலாகத் தனி உறுப்பு வேதியியல் வெளிப்படுகிறது.

9. ஆலைக்குப் போகும்போது

ஒளியின் பணி எது என்பது ஏட்டுக் கேள்வி அல்ல. செலவைத் தீர்மானிப்பது அதுவே. 450 நானோமீட்டர் ஒளித்துகள்கள் ஒரு மோல் சேர்ந்தால் அவற்றின் ஆற்றல் 266 கிலோஜூல். குவாண்டம் விளைச்சல் 0.01 என்றால் ஒரு மோல் விளைபொருளுக்கு 100 மோல் ஒளித்துகள்கள், அதாவது 7.4 கிலோவாட்-மணி ஒளியாற்றல் வேண்டும். விளக்கின் இழப்பு இதில் சேரவில்லை. விளைச்சல் 10 என்றால் தேவை அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

ஒளி கரைசலுக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பது அடுத்த தடை. ருத்தேனியம் அணைவின் 1 மில்லிமோலார் கரைசலில், நுழைந்த 452 நானோமீட்டர் ஒளியின் 96 விழுக்காட்டுக்கு மேல் முதல் 1 மில்லிமீட்டரிலேயே உட்கவரப்பட்டுவிடும். 2 மில்லிமீட்டரில் ஏறத்தாழ முழுதும் தீர்ந்துவிடும். நூறு லிட்டர் தொட்டியின் நடுப்பகுதி, சுவரோரம் எவ்வளவு வெளிச்சமிருந்தாலும், இருட்டுதான். மில்லிமீட்டர் அளவு விட்டமுள்ள குழாய்களில் கரைசலை ஓடவிட்டு வெளியிலிருந்து ஒளியூட்டும் தொடர்பாய்வு உலைகள் இதனாலேயே வளர்ந்தன. சங்கிலியாக ஓடும் வினைக்கு இந்தக் கட்டாயம் தளரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒளித்துகள் வேண்டிய வினைக்குத் தளராது. வினைவழி தெரியாமல் உலையை வடிவமைப்பது இருட்டில் துழாவுவதே.

10. இரும்பை நோக்கி

இரிடியம் புவி மேலோட்டில் மிக அரிதான தனிமங்களில் ஒன்று. அதன் இடத்தில் இரும்பை வைக்கும் முயற்சி நெடுநாளாக நடக்கிறது. தடை, கிளர்வுற்ற நிலையின் ஆயுள். ருத்தேனியத்துக்கு நேர்மேலே தனிம வரிசை அட்டவணையில் இருக்கும் இரும்பில், அதே மூன்று பைபிரிடின் அணைவின் மின்சுமை மாற்ற நிலை 100 ஃபெம்டோ நொடிகளுக்குள் சரிந்துவிடுகிறது. இரும்பில் ஈந்தணைவிப் புலத்தின் பிளவு சிறியது. அதனால் தாழ்வான டி-டி நிலைகள் ஆற்றலை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. சுவீடனின் லுண்டில் கென்னத் வார்ன்மார்க் குழு கார்பீன் ஈந்தணைவிகளால் இரும்பை இறுக்கிப் பிடித்து, 2017இல் அந்த ஆயுளை 100 பிக்கோ நொடிக்கும், 2019இல் 2 நானோ நொடிக்கும் உயர்த்தியது. 2 நானோ நொடி ஆயுளுள்ள கிளர்வு நிலைகளில் பாதியேனும் வேறொரு மூலக்கூறைச் சந்திக்க வேண்டுமானால், அந்த மூலக்கூறின் செறிவு 50 மில்லிமோலார் அளவுக்கு இருக்கவேண்டும். 1 மைக்ரோ நொடி வாழும் ருத்தேனியத்துக்கு 0.1 மில்லிமோலார் போதும்.

சந்திப்பே தேவைப்படாத வழி ஒன்றும் இரும்பில் உண்டு. இரும்பு(3) குளோரைடின்மீது 390 நானோமீட்டரை ஒட்டிய ஒளி பட்டால், எலக்ட்ரான் குளோரைடிலிருந்து இரும்புக்குத் தாவி, பிணைப்பு அங்கேயே பிளந்து குளோரின் அணு விடுபடுகிறது. வினைப்பொருள் உலோகத்தோடு முன்பே பிணைந்திருப்பதால் கிளர்வு நிலை நீண்டு வாழவேண்டியதில்லை. நிக்கல்-அரைல் பிணைப்பு ஒளியில் பிளப்பதும் இதே தர்க்கத்தில்தான். நீண்ட ஆயுளைத் தேடி விலையுயர்ந்த உலோகங்களை நம்புவதற்கு மாறாக, மலிவான உலோகங்களின் குறுகிய ஆயுளுக்குள் முடிந்துவிடும் பிணைப்புப் பிளவைப் பயன்படுத்தும் இந்த வழியில், குளோரின் அணுவைக் கொண்டு அல்கேன்களின் கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகளைத் திறக்கும் வினைகள் இரும்பிலும் தாமிரத்திலும் தொடர்ந்து வந்துகொண்டிருக்கின்றன.